தயங்குவது விவரம் தெரிந்துதான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கதிரை கிடைக்காமல் நின்றுகொண்டே கேட்கும் திருகோணமலைச் சனமே, எல்லோருக்கும் வணக்கம்.

செயற்கை நுண்ணறிவு தயாரிக்கும் செய்தியைக் கண்டு மக்கள் தயங்குவது அறியாமையா, அறிவா? இதுதான் கேள்வி. அறிவுதான் என்பது எங்கள் அணி.

எனக்கு முன் பேசிய தம்பி, ரேடியோ வந்தபோதும் பயந்தார்கள், டிவி வந்தபோதும் பயந்தார்கள், இதுவும் பழகிவிடும் என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிக்கொண்டார். சரி தம்பி, ரேடியோ தானாக உட்கார்ந்து செய்தி எழுதியதா?

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு நிலையம் 2025-ல் பிரித்தானியா, அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான், டென்மார்க், ஆர்ஜென்டினா ஆகிய ஆறு நாடுகளில் மக்களைக் கேட்டுப் பார்த்தது. முழுக்க மனிதர் தயாரித்த செய்தி என்றால் சங்கடமில்லை என்றவர்கள் நூற்றுக்கு 62 பேர், மனிதர் எழுத இயந்திரம் கைகொடுத்தால் 43, முழுக்க இயந்திரமே என்றால் வெறும் 12. இதில் எந்த நாடு கணினி காணாத நாடு? வெறும் பயம் என்றால் மூன்றுக்கும் ஒரே பதில்தானே வந்திருக்கும்? இவர்கள் அளந்து பார்த்துத் தயங்குகிறார்கள்.

சிங்களத்தில் வருகிற வெள்ள எச்சரிக்கையை இயந்திரம் உடனே தமிழாக்கித் தரட்டும், எங்களுக்கு என்ன கசக்குதா? ஆனால் அனுப்பும் முன் ஒரு ஆள் வாசிக்க வேண்டும்.

வாசிக்காவிட்டால் என்ன ஆகும்? 2017 ஜூனில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் பத்திரிகையில் நிலநடுக்கச் செய்தியைத் தானே எழுதும் கணினி நிரல், சாந்தா பார்பரா பக்கம் 6.8 அளவில் நிலம் நடுங்கியதாக வெளியிட்டது. நடுங்கியது உண்மைதான், ஆனால் 1925-ல்! அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் பழைய பதிவைத் திருத்தப் போய்த் தவறாக ஒரு அறிவித்தல் கிளம்ப, நிரல் அதை அப்படியே செய்தியாக்கிவிட்டது. அது அங்கே சிரித்துவிட்டுப் போகிற விசயம். 2004 டிசம்பர் 26-ஐக் கண்ட இந்தக் கரையில் அப்படியொரு செய்தி நள்ளிரவில் போனில் வந்தால்? அதற்குப் பிறகு "கடல் வருது" என்று யாரோ கத்தினாலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய சனம் நாங்கள். ஓடி ஓடித்தான் "ஆர் சொன்னது?" என்று கேட்கப் பழகினோம்.

இன்னொன்று, அதைச் சொல்லாமல் இந்த ஊரில் இந்தத் தலைப்பைப் பேச முடியாது. 2006 ஜனவரி 2, எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்துச் செத்தார்கள் என்றது படைத்தரப்பு. சுடர் ஒளிப் பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அந்த உடல்களைப் படம் எடுத்தார், சூட்டுக் காயங்கள் படத்தில் தெரிந்தன. அதே மாதம் 24-ஆம் தேதி அவரையும் இதே நகரில் சுட்டுக் கொன்றார்கள். அன்றைக்கு ஒரு இயந்திரத்திடம் அந்த அறிக்கையைக் கொடுத்திருந்தால் இரண்டு நொடியில், ஒற்றுப்பிழைகூட இல்லாமல் செய்தி எழுதித் தந்திருக்கும், கைக்குண்டு என்றே எழுதியிருக்கும். கொடுத்ததைத்தானே எழுதும், போய்ப் பார்க்கவா போகிறது?

மனிதரும் பொய் எழுதுகிறார்களே என்று எதிரணித் தலைவர் இப்போதே குறிப்பு எழுதுவது தெரிகிறது. எழுதுகிறார்கள் ஐயா, தாராளமாக எழுதுகிறார்கள்! ஆனால் அந்தப் பொய்க்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு ஆசிரியர் இருக்கிறார், கந்தோர் வாசலில் போய்ச் சண்டை பிடிக்கலாம், வழக்கும் போடலாம். 2023-ல் அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் தளத்தில், உலகத்திலேயே இல்லாத எழுத்தாளர்களின் பெயரிலும் இயந்திரம் செய்த முகப் படங்களோடும் கட்டுரைகள் வந்தது அம்பலமானதே, அவற்றில் பிழை கண்டவர் யாருடைய சட்டையைப் பிடிப்பது? அடுத்துப் பேசப் போகும் தலைவர் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதற்கு மட்டும் பதில் சொன்னால், நடுவர் அவர்களே, தீர்ப்பை அவர்கள் பக்கமே தாருங்கள், எங்கள் அணிக்கு மறுப்பில்லை.