‘கொழுந்து’: நமக்கு 4 எழுத்து, கணினிக்கு 8, சில வேளை 9! மலையகத்திலிருந்து இணையத் தொழில்நுட்பம் படித்த ஓராண்டு

(திரையில் பெரிய எழுத்தில்: கொழுந்து)

தேயிலைத் தளிரைக் குறிக்கும் இந்தச் சொல்லில் எத்தனை எழுத்து இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கொ, ழு, ந், து என்று நான்கு; முதலாம் வகுப்புப் பிள்ளைகூட இதைச் சொல்லிவிடும். ஆனால் இதே சொல்லை உலாவியிடம் கொடுத்து, இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் அதன் நீளத்தைக் கேட்டால் 8 என்று விடை வரும். வேறொரு விசைப்பலகையில் தட்டிய அதே சொல்லைக் கொடுத்தால் 9 என்றும் வரலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். இது எப்படி நடக்கிறது, இதனால் நம்மவர்களின் பெயர்கள் எப்படித் துண்டாகின்றன என்பதை இந்த வீடியோவில் காட்டப்போகிறேன்.

வணக்கம் உறவுகளே. இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்திலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து பேசுகிறேன். கடந்த ஓராண்டாகப் புதிய இணையத் தொழில்நுட்பங்களை ஒவ்வொன்றாகப் படித்து வருகிறேன். படித்த அனைத்தையும் இங்கே ஒப்புவிக்கப் போவதில்லை. நமது மலையகத்தில் உண்மையாகவே பயன்பட்டவற்றை மட்டும் சொல்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெயர்பெற்ற பெரிய கருவிகளைவிட, உலாவிக்குள்ளேயே ஏற்கெனவே இருக்கும் வசதிகள்தான் நமக்கு அதிகம் கைகொடுக்கின்றன.

வரலாற்றை விரைவாகக் கடந்துவிடுவோம். 1989 இல் சேர்ன் என்ற ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வுகூடத்தில் டிம் பேர்னர்ஸ்-லீ உலகளாவிய வலைக்கான முன்மொழிவை எழுதினார். 1995 இல் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தைப் பத்தே நாட்களில் எழுதினார். 1996 இல் பக்கங்களுக்கு அழகூட்டும் சி.எஸ்.எஸ். வந்தது. இவ்வளவு போதும்.

ஓராண்டில் ரியாக்ட்டும் படித்தேன். 2013 இல் ஃபேஸ்புக் வெளியிட்ட இந்த நூலகத்தை, அதாவது ஆயத்த நிரல்களின் தொகுப்பை, வேலைக்கு விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகள் கட்டாயம் படிக்க வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் துணை நூலகங்கள் எல்லாம் சேர்ந்தால், பக்கத்தில் ஒரு வரி தெரிவதற்கு முன்பே பல நூறு கிலோபைட் ஜாவாஸ்கிரிப்ட் இறங்கி இயங்க வேண்டியிருக்கும். பழைய ஆண்ட்ராய்டு தொலைபேசியையும் வந்துபோகும் சிக்னலையும் வைத்திருப்பவருக்கு அது பெரிய சுமை.

நான் கட்டிய பக்கம் மிகச் சிறியது. கொழுந்து எடுக்கும் ஒருவர் ஒரு நாளில் எத்தனை கிலோ எடுத்தார், கூடைக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிக்கப்பட்டது, அன்றைக்கு முழுப்பேரா (முழு நாள் சம்பளம்) அரைப்பேரா (அரை நாள் சம்பளம்) என்பதை அவரே தமது தொலைபேசியில் குறித்துக்கொள்வதற்கான கொழுந்துக் கணக்குப் பக்கம் அது. மாத முடிவில் சம்பளச் சீட்டு கைக்கு வரும்போது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத் தம்முடைய கணக்கும் கையில் இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

(திரையில்: ‘கொழுந்து’ என்ற சொல் எட்டுத் துண்டுகளாகப் பிரிகிறது)

இனி எழுத்துக் கணக்குக்கு வருவோம். இந்த ஓராண்டில் என்னை மிகவும் மகிழ்வித்த பகுதி இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பேசுகிறேன். தமிழில் 247 எழுத்துகள் என்று படித்திருக்கிறோம். ஆனால் எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோட் தரத்தில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட தொகுதியில் இருப்பவை 128 இடங்கள் மட்டுமே. உயிர்மெய் எழுத்து ஒவ்வொன்றுக்கும் அங்கே தனி இடம் கிடையாது. அகரமேறிய மெய்க்கு ஓர் எண், அதனோடு ஒட்டும் குறிக்கு இன்னோர் எண் என்றுதான் வைத்திருக்கிறார்கள். ஆகவே ‘கொழுந்து’ என்பது உள்ளே க, ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ந, புள்ளி, த, உகரக் குறி என எட்டு எண்களாகிறது. ஒன்பதாவது எங்கிருந்து வருகிறது? ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம். இரண்டையும் யூனிகோட் ஏற்றுக்கொள்கிறது. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, ஆனால் தேடுபொறி எழுதுகிறவர் கவனிக்காமல் விட்டால், ஒன்றைத் தேடும்போது மற்றது அகப்படாது.

இதனால் நமக்கு என்ன நட்டம் என்று கேட்பீர்கள். ‘பாக்கியலட்சுமி’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் அது எட்டெழுத்து. பெயருக்குப் பத்து இடம் என்று எல்லை வைத்த ஓர் இணையப் படிவத்தில் அது தாராளமாக அடங்க வேண்டும். ஆனால் உலாவியின் கணக்கில் அந்தப் பெயரின் நீளம் 14. பத்தோடு நிறுத்தினால் திரையில் மிஞ்சுவது ‘பாக்கியலட்’ மட்டுமே. ஒன்பதோடு நிறுத்தினால் புள்ளியும் போய், ‘பாக்கியலட’ என்று நிற்கும். அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர் என்று எழுத்துப் பிழைகளோடு அலைக்கழிந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படிவம் எழுதுகிறவர் தமிழ் எழுத்தை எண்ணத் தெரிந்திருந்தால் இந்தத் துண்டிப்பைத் தடுத்துவிடலாம்.

தீர்வு உலாவிக்குள்ளேயே இருக்கிறது. ‘இன்ட்ல் செக்மென்டர்’ என்ற வசதி, ஒரு சொல்லை மனிதர் எண்ணுவதுபோல் எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தருகிறது. ‘கொழுந்து’ அதற்கு நான்கு எழுத்துதான், குறி எப்படி எழுதப்பட்டிருந்தாலும் சரி. 2024 ஏப்ரலில் ஃபயர்பாக்ஸும் இதை ஏற்றுக்கொண்டதால், இன்று முக்கிய உலாவிகள் அனைத்திலும் இது கிடைக்கிறது. இருவகையாக எழுதப்பட்ட சொற்களை ஒரே வகைக்குக் கொண்டுவர ‘நார்மலைஸ்’ என்ற செயற்கூறு உண்டு. பெயர்ப் பட்டியலை அகர வரிசையில் அடுக்குவதற்கும் தனி வசதி உண்டு. அதைப் பயன்படுத்தாமல் வெறும் எண் வரிசைப்படி அடுக்கினால், நம் நெடுங்கணக்கில் இறுதியில் வர வேண்டிய ‘ன’, ‘ந’வுக்கு அடுத்தபடியாகவே வந்து நின்றுவிடும்.

ஆனால் ஒன்றை மட்டும் உலாவியால் திருத்த முடியாது. ‘கௌரி’ என்ற பெயரை எழுதும்போது, ஔகாரக் குறிக்கான விசையைத் தேடாமல், ஒற்றைக்கொம்பையும் ‘க’வையும் போட்டுப் பக்கத்தில் ‘ள’ என்ற முழு எழுத்தைத் தட்டி விடுவோர் பலர். பார்ப்பதற்குச் சரியாக இருக்கும். ஆனால் அது ‘கெ’, ‘ள’, ‘ரி’ என்ற மூன்றெழுத்துச் சொல். கணினிக்கு அது வேறு பெயர். இதை நாம்தான் சரியாக எழுதப் பழக வேண்டும்.

(திரையில்: மலைச்சரிவு, தூரத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவம்)

அடுத்தது சிக்னல். பக்கத்தை முதலில் எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் அத்தை ஒருவரிடம் காட்டியபோது, அவர் கேட்ட முதல் கேள்வி இது: “மேமலையில சிக்னல் ஏது தம்பி? நான் எழுதுனது அழிஞ்சு போயிராதா?” எந்தத் தொழில்நுட்பப் பாடத்திலும் இதைவிட நல்ல கேள்வியை நான் கேட்கவில்லை. இதற்கான விடைதான் சர்வீஸ் வேர்க்கர். தோட்டத்துக்கும் டவுனுக்கும் இடையில் நடக்கும் தபால்காரரைப்போல, இந்தச் சிறு நிரல் பக்கத்துக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கிறது. பக்கம் கேட்பதெல்லாம் இதன் வழியாகத்தான் போகும். முதல் தடவை சிக்னல் இருக்கும்போதே, தேவையான கோப்புகளின் படிகளைத் தன்னிடம் எடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு மண்சரிந்து பாதை அடைபட்டாலும், தன்னிடமுள்ள படியை எடுத்துக் கொடுத்துவிடும். குரோமில் 2015 இலும், ஐஃபோனில் 2018 இலும் வந்த வசதி இது. தளம் பாதுகாப்பான எச்.டி.டி.பி.எஸ். இணைப்பில் இருப்பது மட்டுமே நிபந்தனை. எழுதிய கிலோக் கணக்கு ‘இன்டெக்ஸ்ட் டிபி’ என்ற களஞ்சியத்தில் தொலைபேசிக்குள்ளேயே தங்கும். ஐஃபோன் வைத்திருப்பவர்கள் பக்கத்தை முகப்புத் திரையில் சேர்த்துக்கொள்ளுங்கள். சஃபாரி உலாவி, தொடர்ந்து ஏழு நாள் பயன்படுத்தாத தளத்தின் சேமிப்பை அழித்துவிடக்கூடியது. சிக்னல் இல்லாத நிலையைச் சோதித்துப் பார்க்க வேண்டுமா? கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழையும்போது பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

சி.எஸ்.எஸ். பற்றி ஒரு வரி: பக்கத்தைக் கட்டம் கட்டமாக அடுக்கும், 2017 இல் வந்த கிரிட்டையும், கிடைக்கும் இடத்தின் அகலத்துக்கேற்பத் தோற்றத்தை மாற்றும், 2023 இல் எல்லா முக்கிய உலாவிகளுக்கும் வந்துசேர்ந்த கன்டெய்னர் குவெரியையும் படித்துவிட்டால், சிறிய திரைக்கும் பெரிய திரைக்கும் ஒரே பக்கம் போதும்.

(திரையில்: எண் விசைகள் மட்டும் உள்ள விசைப்பலகை)

இந்தச் சின்னஞ்சிறு வசதியைக் காட்டாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. கிலோ எழுதும் கட்டத்தில் ‘இன்புட்மோட்’ என்ற பண்பைச் சேர்த்து, அதற்கு ‘நியூமெரிக்’ என்ற மதிப்பைக் கொடுத்தால், தொட்டவுடன் எண் விசைகள் மட்டும் பெரிதாக மேலே வரும். நாள் முழுதும் கொழுந்து கிள்ளிக் கறைபடிந்து காய்த்துப்போன விரலுக்கு, எழுத்து விசைகளுக்கு நடுவே சிறிய எண்ணைத் தேடுவது எவ்வளவு சிரமம் என்பதை, அத்தை தட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தபோதுதான் உணர்ந்தேன். இப்போது அவர் கண்ணாடி போடாமலே கணக்கு எழுதுகிறார்.

வீடியோ பிடித்திருந்தால் உங்கள் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் பகிருங்கள். இன்னோர் உதவியும் வேண்டும்: கௌரி, கௌசல்யா, மௌனிகா என்ற மூன்று பெயர்களையும் உங்கள் தொலைபேசியில் நீங்கள் வழக்கமாக எழுதும் முறையிலேயே கமெண்டில் எழுதி, எந்த விசைப்பலகை என்பதையும் குறிப்பிடுங்கள். எந்த விசைப்பலகை எந்தக் குறியை எப்படிப் போடுகிறது என்பதை அடுத்த வீடியோவில் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுகிறேன்.