ஒரே சிவப்புக் கோடு

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, இரு அணிகளிலும் அமர்ந்திருக்கும் பேச்சாளர்களே, வெயில் தணியும் முன்னரே வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

“தலைமைப் பதவியில் இருக்கும் பெண்ணுக்குப் பெருந்தடையாக நிற்பது அவளுடைய முனைப்பா, அவளிடம் எதிர்பார்க்கப்படும் இனிமையா?” என்பது இன்றைய பட்டிமண்டபத்தின் தலைப்பு. எதிர்பார்க்கப்படும் இனிமையே என்று வாதிட நான் வந்திருக்கிறேன். என்னுடைய முதலாவது சான்றை நடுவர் அவர்களே தந்துவிட்டார். எதிரணித் தலைவரை அழைத்தபோது “ஆணித்தரமாக வாதிடக்கூடியவர்” என்று அறிமுகம் செய்த நீங்கள், என்னை அழைத்தபோது “இனிமையாகப் பேசக்கூடியவர்” என்றீர்கள். நான் பேசி நீங்கள் இதற்கு முன்னர் கேட்டதே இல்லை. அன்போடு சொன்ன வார்த்தைதான், ஐயா; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாதிட வந்தவளிடம் வாதம் தொடங்குமுன்னரே இனிமை கேட்கப்பட்டுவிட்டது என்பதை மட்டும் உங்கள் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எதிரணித் தலைவர் தாயை உதாரணம் காட்டினார். தாய் அன்பினால் வீட்டை ஆள்கிறாள், அதுபோலப் பெண் அதிகாரியும் அன்பினால் கந்தோரை ஆளலாம், முனைப்பு மிகுந்தால்தான் கெட்டுப்போகிறது என்றார். அவருடைய தாயாரை நான் அறியேன். எங்கள் வீட்டில் அம்மா அன்பினால் மட்டும் ஆட்சி செய்யவில்லை. வேலியில் முறித்த பூவரசம் தடியொன்று கூரைத் தாழ்வாரத்தில் எப்போதும் செருகியிருந்தது. அந்தத் தடிக்காக அம்மாவை யாரும் குறைவாக விரும்பியதில்லை. ஏனென்றால் அது பிள்ளைகளுக்கான தடி. அவள் கையெழுத்திட்டு அடுத்த மனிதருடைய சம்பள உயர்வை நிறுத்தக்கூடிய நிலையில் இருந்திருந்தால், அவளைப் பற்றிய பேச்சு வேறாக இருந்திருக்கும்.

நான் அரச திணைக்களமொன்றில் இருபத்தெட்டு வருடங்கள் வேலை செய்தவள். எங்கள் கந்தோர்களின் வழக்கத்தை அறிந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள்: காலை 8.30 கடந்ததும் வரவு இடாப்பில் ஒரு சிவப்புக் கோடு இழுக்கப்படும். அதற்குக் கீழே கையெழுத்திடுபவர் பிந்தியவர். எங்களுக்கு மேலே இருந்த ஐயா ஒருவர் பதினொரு வருடங்கள் அந்தக் கோட்டை ஒரு நிமிடமும் பிசகாமல் இழுத்தார். அவர் ஓய்வுபெற்ற நாளில் பேசிய அத்தனை பேரும் அவருடைய கண்டிப்பைப் புகழ்ந்தார்கள், சிலர் கண்கலங்கினார்கள். அவருடைய கதிரையில் பதில் கடமைக்கு நான் அமர்ந்தேன். அதே இடாப்பு, அதே நேரம், மேசை லாச்சியில் அவர் விட்டுச் சென்ற அதே சிவப்புப் பேனை. மூன்றாம் நாள் தேத்தண்ணி அறையிலிருந்து ஒரு சொல் என் காதுக்கு வந்தது: “தடிப்பு”, அதாவது திமிர். அடுத்த கிழமை அது அதே பொருளில் “கெப்பர்” ஆகியது. அவருக்குக் கண்டிப்பு என்று பெயர் பெற்ற கோடு எனக்குத் தடிப்பு ஆகியதற்கு, கோட்டில் என்ன மாற்றம் இருந்தது என்று எதிரணியினர் சொல்லவேண்டும்.

மொழியையும் சற்றுக் கவனியுங்கள். ஆண் அதிகாரி தனக்குக் கீழ் உள்ளவரைப் பார்த்து, “நீர் அந்தக் கோவையை எடுத்து வாரும்” என்றால் அது பதவிக்குரிய இயல்பான பேச்சு. அதே “நீர்” பெண் அதிகாரியின் வாயிலிருந்து வந்தால், மதிப்புத் தெரியாதவள் என்று ஆகிவிடுகிறது. ஆகவே அவள் “நீங்கள்” என்கிறாள், “எடுத்து வாருங்கள்” என்பதும் கட்டளையாகத் தோன்றுமோ என்று எண்ணி, “நேரம் இருந்தால் எடுத்துத் தர ஏலுமோ?” என்று கேட்கிறாள். கோவை மாலையில் வருகிறது. பின்னர் மேலதிகாரி, “இந்த அம்மாவுக்கு வேலை வாங்கத் தெரியாது” என்று எழுதுகிறார். கடுமையாகச் சொன்னால் தடிப்பு, மென்மையாகச் சொன்னால் திறமையின்மை. எதிரணியினர் பரிந்துரைக்கும் சமநிலை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே இருக்கிறது என்று நான் இருபத்தெட்டு வருடங்கள் தேடியிருக்கிறேன்.

இது என் ஒருத்தியின் மனத்தாங்கல் என்று தள்ளிவிடலாம் என்பதால், வெளியிலிருந்து இரண்டு சான்றுகள். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், ஹைடி ரொய்சன் என்ற தொழில் முனைவரைப் பற்றிய கற்கைக் குறிப்பொன்றை மாணவர்களிடம் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஹைடி என்ற பெயரோடும், மற்றப் பிரிவினருக்கு ஹவார்ட் என்ற ஆண் பெயரோடும் கொடுத்தார்கள். செய்த வேலைகள் ஒன்றே. இருவருமே திறமைசாலிகள் என்று மாணவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஹவார்டைப் பற்றி வாசித்தவர்கள் அவரோடு வேலை செய்ய விரும்பினார்கள்; ஹைடியைப் பற்றி வாசித்தவர்களுக்கு அவர் தன்னலக்காரியாகத் தெரிந்தார். பெயரைத் தவிர வேறெதுவும் மாறாதபோது, முனைப்பைக் குற்றம் சொல்ல இடமேது?

மற்றது ஒரு வழக்கு. பிரைஸ் வோட்டர்ஹவுஸ் என்ற கணக்காய்வு நிறுவனத்தில், 1982 இல் பங்காளர் பதவிக்கு முன்மொழியப்பட்ட 88 பேரில் ஒரேயொரு பெண் ஆன் ஹொப்கின்ஸ். அந்த நிறுவனத்தின் 662 பங்காளர்களில் அப்போது எழுவரே பெண்கள். சுமார் இரண்டரைக் கோடி டொலர் பெறுமதியான அரச ஒப்பந்தமொன்றை நிறுவனத்துக்குப் பெற்றுத் தந்தவர் அவர். அவருக்குப் பதவி தள்ளிப்போடப்பட்டது. இன்னும் பெண்மையோடு நடக்கவும், பெண்மையோடு பேசவும், ஒப்பனை செய்யவும், நகை அணியவும் வேண்டும் என்று புத்தி சொல்லப்பட்டது. கணக்காய்வுக்கும் காதணிக்கும் என்ன தொடர்பு என்பதை அவர் நீதிமன்றத்தில் கேட்டார். இத்தகைய வார்ப்பு எண்ணங்களை வைத்துத் தீர்மானிப்பதும் பால்வழிப் பாகுபாடே என்பதை 1989 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு அவரைப் பங்காளராக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது.

அமெரிக்கக் கதை எங்களுக்கு எதற்கு என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. சரி, எங்கள் நாட்டுக்கு வருவோம். என் வாதத்தின் உயிர்நிலையும் இங்கேதான் இருக்கிறது. 1931 இல் சர்வசன வாக்குரிமை கிடைத்த அதே ஆண்டில் அரசாங்க சபைக்கு முதலாவது பெண்ணாக அடலின் மொலமூரே சென்றார். அது அவருடைய தந்தை இறந்ததனால் வெற்றிடமான ஆசனம். அடுத்த ஆண்டு கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் சென்றார். அது தேர்தல் மனுவினால் அவருடைய கணவர் இழந்த ஆசனம். 1960 இல் உலகின் முதலாவது பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க, கணவர் கொல்லப்பட்டபின் அரசியலுக்கு வந்தவர். எதிர்த்தவர்கள் அவரை “அழும் விதவை” என்று ஏளனம் செய்தார்கள். எங்கள் யாழ்ப்பாண மாநகர முதல்வராக 1998 இல் தெரிவான சரோஜினி யோகேஸ்வரனும் கொல்லப்பட்ட ஒரு முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரின் மனைவியே. அதே ஆண்டு மே மாதத்தில் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவர்களுடைய ஆற்றலை நான் குறைக்கவில்லை. அந்தக் கதவு அவர்களுக்கு எப்போது திறந்தது என்பதையே கேட்கிறேன். தந்தையின் இடம், கணவனின் இடம், குடும்பத்தின் கடமை என்று சொல்லி வரும்போது எங்கள் சமூகம் பெண்ணின் தலைமையை ஏற்றுக்கொள்கிறது, இரக்கத்தோடும் ஏற்றுக்கொள்கிறது. “இந்தப் பதவி எனக்கு வேண்டும், அதற்கு நான் தகுதியானவள்” என்று வருபவளிடம்தான் அது முகம் சுளிக்கிறது. நாம் இனிமை என்று சொல்லும்போது புன்னகையையோ பணிவான சொல்லையோ மட்டும் கேட்கவில்லை. ஆசைப்படாதவள்போல் இருக்கும்படி கேட்கிறோம். அத்தகைய குடும்பப் பின்னணி எதுவும் இல்லாமல் ஒரு பெண் இந்த நாட்டில் பிரதமராவதற்கு, 2024 இல் ஹரிணி அமரசூரிய பதவியேற்கும் வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

கல்வி இல்லாததனால் வந்த தாமதம் என்று யாழ்ப்பாணம் சொல்லமுடியாது. உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை 1824 இல் தொடங்கிவிட்டது. ஆனாலும் 1974 இல் வளாகமாகத் தொடங்கிய எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பெண்ணொருவர் துணைவேந்தராக வந்தது 2011 இல்தான். இதற்கிடையில் எங்கள் பெண்கள் பாடசாலைகளின் அதிபர்கள் எத்தனை கண்டிப்பானவர்கள் என்பதைப் பழைய மாணவிகள் இன்றும் பெருமையாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அங்கே அந்தக் கண்டிப்பு நற்பெயர்; கீழே இருந்தவர்கள் சிறுமியர். கீழே வளர்ந்த ஆண்கள் இருக்கும் கந்தோருக்கு அதே கண்டிப்பு வந்தவுடன், பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா என்று பழமொழி எடுக்கிறோம்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், உண்மையிலேயே கொடுமை செய்யும் பெண் அதிகாரிகள் இல்லையா என்று கேட்டார். இருக்கிறார்கள், நானும் ஒருவரிடம் வேலை செய்து இரவில் அழுதிருக்கிறேன். கீழ் உள்ளவரை அவமதிக்காமல் நடத்துவது பண்பு; அதை ஆணிடமும் பெண்ணிடமும் ஒரே அளவில் கேளுங்கள். என் வழக்கு அதற்கு மேலாகப் பெண்ணிடம் மட்டும் வாங்கப்படும் வரியைப் பற்றியது.

மணி அடித்துவிட்டது, ஐயா. எதிரணித் தலைவருக்கு இரண்டாவது மணிவரை பொறுத்திருந்தீர்கள் என்ற நினைவோடு அமர்கிறேன். தீர்ப்பு எழுதும்போது, “இவர் சற்றுக் கடுமையாகப் பேசினார்” என்று உங்கள் குறிப்பில் எங்கேனும் இருக்குமானால், அவர் மேசையில் தட்டிப் பேசிய நேரத்தில் என்ன எழுதினீர்கள் என்று முன்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்க்கும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.