சீட்டுப் போடாதவர்கள்

எல்லோருக்கும் வணக்கம். தலைவர் என்னைப் புற்றுநோய் மருத்துவர் என்று அறிமுகம் செய்ததும் முன்வரிசையில் ஒருவர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பயப்படாதீர்கள் ஐயா, இது ஒட்டாது. ஒட்டுகிற நோய் ஒன்று வந்து, ஒட்டாத இந்த நோய்க்காரர்களை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

2020 மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கு தொடங்கியது. ரயில் இல்லை, பஸ் இல்லை; பிறகு மாவட்டம் தாண்ட இ-பாஸ். நம் ஜனங்கள் 'கரண்ட் வைக்கிறது' என்பார்களே, அந்தக் கதிர்வீச்சுக்குப் பெரும்பாலும் வாரம் ஐந்து நாள், ஐந்தாறு வாரம் வர வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்று என்றால் உள்ளே வைக்கும் கதிர்வீச்சையும் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிக்கப் பார்ப்போம். நடுவில் விட்டால், மிஞ்சிய செல்கள் மறுபடி பெருகத் தொடங்கிவிடும். டெல்டா பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மனைவியை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துப் புதுச்சேரிவரை மிதித்துப்போன செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். பலர் நெகிழ்ந்து எழுதினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

கீமோ போட்டவர் பாடு வேறு. ஒரு வாரம், பத்து நாளில், கிருமியை எதிர்க்கும் வெள்ளணு இறங்கும். அப்போது காய்ச்சல் வந்தால் உடனே ஊசி போட்டாக வேண்டும். அந்த நாட்களில் காய்ச்சல் என்று வாயைத் திறந்தாலே மூக்கில் குச்சி, ரிசல்ட் வரும்வரை காத்திருப்பு.

இந்தியாவில் 41 புற்றுநோய் மையங்களின் கணக்கைப் பிறகு எடுத்துப் பார்த்தார்கள். 2020 மார்ச் முதல் மே வரை; அதற்கு முந்தைய ஆண்டின் அதே மூன்று மாதத்தோடு ஒப்பீடு. கதிர்வீச்சு 23 சதவீதம் குறைந்திருந்தது. பெரிய அறுவை சிகிச்சைகள் ஏறக்குறைய பாதி. புதிதாகப் பதிவு செய்தவர்கள்? 1,12,270 பேர் வந்த இடத்தில் 51,760 பேர்.

இந்த எண்களைச் சேர்த்துப் படியுங்கள். கையில் ஆஸ்பத்திரிப் பதிவுச் சீட்டு இருந்தவர் கடன் வாங்கியாவது கார் பிடித்து வந்துவிட்டார். சீட்டே போடாதவர் வீட்டோடு இருந்துவிட்டார். அறுபதாயிரம் பேரை அந்த வருஷம் புற்றுநோய் மன்னித்து விட்டுவிடவில்லையே!

ஏன் வரவில்லை? ஆரம்பத்தில் கட்டி பெரும்பாலும் வலிக்காது, அதுதான் சங்கடம். அந்த வருஷக் கடைசியில் ஓர் அம்மா வந்தார். மார்பில் நெல்லிக்காய் அளவில் இருந்தது, தோலை உடைத்துக்கொண்டு புண்ணாகியிருந்தது. "ஏம்மா இவ்வளவு நாள்?" என்றேன். "ஆஸ்பத்திரியில இப்ப கொரோனா மட்டுந்தான் பாக்கறாங்கன்னு சொன்னாங்க சார்." யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. ஊரே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது. வெளிநோயாளிப் பிரிவுகள் பல மூடித்தான் கிடந்தன. சிகிச்சை நான்கு வாரம் தள்ளினாலே இறப்பு அபாயம் 6 முதல் 13 சதவீதம் கூடும் என்று அதே 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. அந்த அம்மா தள்ளியது எட்டு மாதம்.

நல்லதும் ஒன்று நடந்தது, மறைக்கக் கூடாது. மார்புப் புற்றுக்கு 15 தடவை வைக்கும் கதிர்வீச்சை, பொருத்தமானவர்களுக்கு ஒரே வாரத்தில் 5 தடவையாக முடிக்கலாம் என்று பிரிட்டனில் பல வருஷம் நடந்த ஆய்வின் முடிவு சரியாக 2020 ஏப்ரலில் வெளியானது. நாங்கள் பிடித்துக்கொண்டோம்.

பாதியில் நின்றவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராகப் போன் போட்டோம். "பஸ் விட்டாச்சா சார்?" என்பதுதான் பலரும் கேட்ட முதல் கேள்வி. சீட்டுப் போடாதவர்களைக் கூப்பிட எங்களிடம் நம்பர் இல்லை.