உப்பு வாதுமையும் ஒரு முதிர்ந்த ஒயினும்

வணக்கம் நேயர்களே. குலோப் ஜாமூன் சாப்பிட்ட கையோடு ஒரு வாய் காபி குடித்துப் பாருங்கள். அளவாகச் சர்க்கரை போட்ட காபிதான், ஆனாலும் கசக்கும். காபி மாறவில்லை, நம் நாக்குதான் மாறிவிட்டது. இந்த அனுபவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இதற்குத் திரும்பத் திரும்ப வருவேன்.

நான் சொல்ல வந்தது ஃபோந்தியோன் என்ற ஒயினைப் பற்றி. ஸ்பெயினின் கிழக்குக் கரையில் இருக்கிறது அலிகாந்தே மாகாணம். அங்கே விளையும் மோனஸ்த்ரெல் என்ற கருந்திராட்சையைப் பழுத்த பிறகும் பறிக்காமல், தோல் சுருங்கும் வரை கொடியிலேயே விட்டுவைக்கிறார்கள். நீர் வற்ற வற்ற இனிப்பு கூடும். பிழிந்த சாற்றில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கிக்கொண்டே போகும். ஆல்கஹால் ஏறியதும் அதுவே சோர்ந்து நின்றுவிடும். தின்றது போக மிஞ்சிய சர்க்கரைதான் ஒயினின் இனிப்பு.

போர்ச்சுகலின் போர்ட் ஒயினில் பாதியிலேயே திராட்சைச் சாராயம் ஊற்றி ஈஸ்ட்டை நிறுத்துவார்கள். இங்கே வெளியிலிருந்து ஒரு சொட்டும் சேர்ப்பதில்லை. குறைந்தது 16 சதவீத ஆல்கஹால், அத்தனையும் அந்தப் பழத்திலிருந்தே வர வேண்டும். எனக்கு இந்த ஒயின் மேல் இத்தனை பிரியம் வந்ததற்கு முதல் காரணம் இதுதான். அப்புறம் ஓக் பீப்பாயில் குறைந்தது 10 ஆண்டுகள். சிவப்பாக உள்ளே போனது கருப்பட்டிப் பாகு நிறத்தில் வெளியே வரும்.

எல்லாப் பீப்பாயும் ஒரே இனிப்பாக இருப்பதில்லை. எனக்குப் பிடித்தது நடுத்தர இனிப்பு. ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 12 கிராமுக்கு மேல், 45 கிராம் வரை சர்க்கரை இருந்தால் நடுத்தர இனிப்பு, ஸ்பானிய மொழியில் செமிதுல்செ. 40 கிராம் என்று வைத்தால், 100 மில்லி கிண்ணத்தில் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். அவ்வளவுதான்.

அலிகாந்தேயில் மோனோவர் என்ற ஊரில் ஒரு ஒயின் நிலவறைக்குப் போயிருந்தேன். கையில் ஹிஹோனா துரோன் இருந்தது. வாதுமையை அரைத்து, தேனும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்யும் மெத்தென்ற மிட்டாய் அது. பசியில் ஒரு துண்டு தின்றுவிட்டு, அவர்கள் ஊற்றிக் கொடுத்த ஒயினைக் குடித்தேன். புளிப்பு, ஒரு காட்டம், வேறொன்றும் தெரியவில்லை. இதற்காகவா இத்தனை தூரம் வந்தோம் என்று மனம் சுருங்கிவிட்டது. அங்கிருந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் கொடுத்தார், பிறகு எண்ணெயில் வறுத்து உப்பு தூவிய மார்கோனா என்ற வகை வாதுமையை ஒரு தட்டில் வைத்தார். நான்கைந்து மென்று, அதே கிண்ணத்தை எடுத்துக் குடித்தேன். உலர்ந்த அத்தி, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல் என்று வாய் முழுக்க மணம். அதே ஒயின்தான் நேயர்களே, அதே கிண்ணம்தான். பிறகு, இன்னும் இனிப்பான வேறொரு பீப்பாயிலிருந்து ஊற்றி, "இப்போது துரோனைத் தின்னுங்கள்" என்றார். அது அப்படிப் பொருந்தியது!

ஜாமூனும் காபியும் மாதிரிதான் இதுவும். தட்டில் இருப்பது ஒயினைவிட இனிப்பாக இருந்தால் ஒயின் தோற்றுப்போகும். உப்பு இருந்தால் அதன் இனிப்பு எழுந்து நிற்கும். புளி மாங்காயில் உப்பு தொட்டுத் தின்றவர்களுக்கு உப்பின் வேலையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் நீலப் பூஞ்சை ஓடிய பாலாடைக்கட்டியும் இதற்குப் பொருந்துகிறது. ஸ்பெயினின் வடக்கே அஸ்தூரியாஸ் குகைகளில் முதிரும் கப்ராலெஸ் என்ற பாலாடைக்கட்டி நல்ல காரமும் உப்பும் உள்ளது. ஒரு சிறு துண்டு போதும்.

பிரான்சின் பதினான்காம் லூயி தன் கடைசி நாட்களில் அலிகாந்தே ஒயினில் பிஸ்கட் தோய்த்துச் சாப்பிட்டார் என்று அந்த ஊரில் கதை சொல்வார்கள். அத்தனை புகழ் பெற்ற ஒயின், கொடிகளைப் பூச்சி அழித்த பிறகு ஏறக்குறைய மறைந்தே போனது. கடந்த நூற்றாண்டின் நடுவில் மோனோவரின் சால்வதோர் பொவேதா அதை மீட்டெடுத்தார்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். முயல் கறிக் குழம்பையும் கறுப்புச் சாக்லேட்டையும் பற்றிப் பேச வைத்திருந்தேன். சாக்லேட்டுக்கு ஒரே வார்த்தை: கசப்பு அதிகமாக, சர்க்கரை குறைவாகப் பார்த்து வாங்குங்கள். திறந்த பாட்டிலை மூடிக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் சில வாரம் தாங்கும், அவசரப்பட்டு முடிக்க வேண்டாம். வணக்கம்.