அலை பார்த்துக் கிளம்புவோம்

நேயர்களுக்கு வணக்கம். கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ விடிகாலையில் கரைக்குப் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். நீளப் பலகையைத் தலையில் சுமந்துகொண்டு இளைஞர்கள் தண்ணீரை நோக்கி நடப்பார்கள். அலைச்சறுக்கு கற்றுக்கொள்ள வந்தவர்கள். சொல்லிக்கொடுப்பவர்களில் பலர் அந்தக் குப்பத்திலேயே பிறந்து வளர்ந்த மீனவர் வீட்டுப் பிள்ளைகள். நாமும் ஒருமுறை போய்ப் பார்க்கலாமே என்று நினைக்கிற உங்களுக்காகத்தான் இன்று பேசுகிறேன்.

இப்படிக் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், அலை எத்தனை அடி இருக்கும்?" அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, "எத்தனை விநாடி?" ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்பதுதான் அந்த விநாடிக் கணக்கு. கைப்பேசியில் எந்தக் கடல் கணிப்பைத் திறந்தாலும் உயரத்துக்குப் பக்கத்திலேயே அது இருக்கும். யாரும் பார்ப்பதில்லை.

மதுரையிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவியைப் பற்றிச் சொன்னால் இது விளங்கும். சனிக்கிழமை மதியம் 3 மணிக்குத் தண்ணீரில் இறங்கினாள். கணிப்பில் 3 அடி, 6 விநாடி. கடலிலிருந்து காற்று முகத்தில் அடிக்கிறது. விழுந்து எழுந்து பலகையைத் திருப்புவதற்குள் அடுத்த அலை தலைமேல். ஒரு மணி நேரத்தில் வாயெல்லாம் உப்பு, கையெல்லாம் வலி. நமக்கு இது வராது சார், ஊருக்கே போய்விடுகிறேன் என்றாள். ஒரு ராத்திரி பொறும்மா என்றேன். மறுநாள் காலை 6 மணி. அதே 3 அடி, ஆனால் 11 விநாடி. முந்தைய நாள் காற்று கிளப்பிய குட்டி அலைகள் இரவில் அடங்கிவிட்டன. தூரத்திலிருந்து வருகிற அலை மட்டும் ஒழுங்காக வரிசை கட்டி வருகிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்று, நுரையாகி வந்த அலையில் பலகையைத் தள்ளிவிட்டோம். எழுந்து நின்றாள். மணலைத் தொடும்வரை நின்றாள்! ஓடிவந்து கேட்டாள், "சார், நேற்றும் மூன்று அடி, இன்றும் மூன்று அடிதானே?" அதே கேள்வியைத்தான் நீங்களும் கேட்க வேண்டும் என்கிறேன்.

அந்த 11 விநாடி அலை எங்கிருந்து வருகிறது? பூமத்திய ரேகையைத் தாண்டி, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசுகிற புயற்காற்று கிளப்பிவிடுவது. அங்கே குளிர்காலமாக இருக்கும் மே முதல் செப்டம்பர் வரை இது அதிகம். 14 விநாடி அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். நம் கரைக்கு வந்து சேர ஒரு வாரம் போல ஆகும். அதனால்தான் இதை முன்கூட்டியே சொல்ல முடிகிறது. காற்று அப்படியில்லை, இரண்டு மூன்று நாளுக்கு மேல் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். எந்த மாதம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், ஒரு வாரம் முன்னால் விநாடியைப் பாருங்கள், இரண்டு நாள் முன்னால் காற்றைப் பாருங்கள்.

காற்றைப் பொறுத்தவரை, நம் கிழக்குக் கரையில் காலையில் பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். அந்தக் கரைக்காற்று லேசாக இருந்தால் அலை கலையாமல் நிமிர்ந்து நிற்கும். வெயில் ஏறி நிலம் சூடானதும் கடற்காற்று திரும்பும், தண்ணீர் கலங்கிப்போகும். ஆகவே காலை. திரும்பவும் சொல்கிறேன், காலை.

விநாடி கூடினால் எப்போதும் நல்லது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே உயரத்தில் விநாடி இரட்டித்தால் அலை சுமந்து வரும் வேகமும் பலமும் ஏறக்குறைய இரட்டிப்பு. 16, 18 விநாடி என்று இருந்தால் புதியவர்கள் கரையிலேயே இருங்கள். வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கும்போது கடல் ஏறி வருகிற கள்ளக்கடல் இதே வகைதான். 2024 மே மாதம் குமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துப்போனது நினைவிருக்கும். அந்த நாளில் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஹைதராபாத்தில் இருக்கிற, கடல் தகவல் தரும் மத்திய அரசு நிறுவனமான இன்காய்ஸ் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. கிளம்புமுன் அதைப் பாருங்கள். இன்னொன்று, கணிப்பில் போடும் உயரம் எல்லா அலைகளிலும் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. அதைப்போல இரண்டு மடங்கு உயரத்தில் ஓர் அலை இடையில் வரலாம். இறங்குமுன் இருபது நிமிடம் கரையில் உட்கார்ந்து பாருங்கள். ஓர் அலை உடைந்ததிலிருந்து பதினோராவது அலை உடையும்வரை நேரம் எடுத்துப் பத்தால் வகுத்தால் விநாடி உங்களுக்கே கிடைத்துவிடும்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. இலங்கையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: பொத்துவில் பக்கம் அறுகம் குடாவுக்கு மே முதல் செப்டம்பர், தெற்கே வெலிகமவுக்கு நவம்பர் முதல் ஏப்ரல். நம் கோவளத்துக்குப் புதியவர்கள் பிப்ரவரி, மார்ச்சில் வாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் சீசன், வேண்டாம். பலகை நீளமானதாக, மெத்தென்றதாகக் கேட்டு வாங்குங்கள், பலகையின் கயிற்றைக் காலில் கட்டாமல் இறங்காதீர்கள். நன்றி, வணக்கம்.