அம்மியும் ஆட்டுக்கல்லும்

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழர் வாழும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு புதிய பள்ளியின் திறப்பு விழாவில் பேசியதை எழுதியது)

மேதகு ஆயர் ஆண்டகை அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, வெயிலில் நின்ற என்னைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்த அருட்சகோதரி அவர்களே, பஞ்சாயத்துத் தலைவர் அவர்களே, வார்டு மெம்பர் அவர்களே, நிலம் தந்த குடும்பத்தாரே, கட்டடம் கட்டிய மேஸ்திரியாரே (அவருக்கு மேடையில் நாற்காலி போடவில்லை, முதல் வணக்கமே அவருக்குத்தான் போயிருக்க வேண்டும்), வேலந்தாவளத்திலிருந்தும் வண்ணாமடையிலிருந்தும் வந்திருக்கும் பெற்றோரே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் அப்புறம் டீ குடிக்கும்போது திட்டுங்கள்.

மூன்று விஷயம் பேச வந்தேன். பாதுகாவலர் புனித தேவசகாயம், திருச்சபையின் கல்விப்பணி, பெற்றோரின் கடமை.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். இந்தப் பள்ளிக்காக நாம் கொடுத்த மனுக்களை அடுக்கினால் அம்மி உயரம் வரும். சரி, தேவசகாயத்துக்கு வருகிறேன். 1712இல் நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்தவர். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாயின் பழக்கத்தால் கிறிஸ்துவை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் திருவிதாங்கூர் வீரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். குருவானவரும் இல்லை, துறவியும் இல்லை, குடும்பஸ்தர். 2022 மே 15இல்தான் புனிதர் பட்டம் வந்தது. 270 வருஷம்! அந்த அம்மி நகர எத்தனை பேர் அடி வைத்திருப்பார்கள்!

அவருக்கு இட்ட பெயர் லாசர். கடவுள் துணை என்று அர்த்தம். ஆனால் ஊர் அவரை லாசர் என்றா கூப்பிட்டது? தேவசகாயம் என்றது. சனங்களின் வாயில் புழங்கும் பேச்சில் சொன்னால்தான் அது நெஞ்சில் நிற்கும்.

இதற்கு ஒரு கதை இருக்கிறது. வெகு காலத்துக்கு முன்னால் எங்கள் தெரு ஆத்தா ஒருத்தி கையில் காகிதத்தோடு ஓடிவந்தாள். "வாத்தியாரே, ஜப்தி நோட்டீஸ் வந்திருச்சு!" முழுக்க மலையாளம். எனக்கு அப்போது மலையாளம் பேச வரும், எழுத்துக் கூட்டத் தெரியாது. பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். கண்டக்டர் வாங்கிப் பார்த்தார். "தெங்கு..." என்று ஒரே ஒரு வார்த்தை படித்தார். அதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். போச்சு! தெங்கு என்றால் தென்னை, தென்னை என்றால் தோப்பு. "என் தோப்பு போச்சே!" என்று ஆத்தா ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் கூடியது. ஒருவர் வக்கீலைப் பார்க்கச் சொன்னார், இன்னொருவர் அந்தோணியாருக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னார். கடைசியில் டீக்கடைத் திருச்சூர்க்காரர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படித்தார். இலவசமாகத் தென்னங்கன்று தருகிறார்களாம். வரி ரசீதோடு வர வேண்டுமாம். கடைசி நாள்? முந்தாநாள்!

சிரிக்கிறீர்கள். ஆத்தா சிரிக்கவில்லை.

தமிழர் தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதில் பெறலாம் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 350ஏ பிரிவு. மலையாளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பேரன் இரண்டும் படிக்கிறான். படிக்கட்டும், நல்லதுதான்.

இரண்டாவது விஷயம், திருச்சபை. மலையாளத்தில் பள்ளி என்றால் மாதா கோவில், நமக்குப் பள்ளி என்றால் பாடசாலை. கோவில்தோறும் பள்ளிக்கூடம் வைக்கச் சொன்ன புனித சாவறா குரியாக்கோஸ் பிறந்த மண் இது. தமிழில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' என்ற மறைக்கல்விப் புத்தகம் எங்கே அச்சானது? 1578இல், கொல்லத்தில்! இன்றைய கேரளத்தில்! நம்முடைய ஆட்களுக்காகத்தான் 2013இல் சுல்தான்பேட்டை மறைமாவட்டமே உருவானது. ஆகவே ஆயர் ஆண்டகை இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். வாசல் பலகையில் ஆங்கிலம் இருக்கிறது, மலையாளம் இருக்கிறது. தமிழ் எங்கே? பெயிண்டர் நாளை வருவார் என்கிறார்கள். சரி, வரட்டும். தமிழ் ஆசிரியர் எப்போது வருவார்? பத்தாம் வகுப்பு வரை தமிழ் டிவிஷன் உண்டா? கட்டடம் வந்துவிட்டது, அம்மி நகர்ந்துவிட்டது. ஆட்டுக்கல் அப்படியே கிடக்கிறது.

மூன்றாவது விஷயத்துக்கு நேரமில்லை, பங்குத்தந்தை கடிகாரத்தைப் பார்க்கிறார். பந்திக்குப் போகிற வழியில் உபதேசியார் மேசை போட்டு மனுவோடு உட்கார்ந்திருக்கிறார். கையெழுத்துப் போட்டுவிட்டு இலைக்குப் போங்கள். பேனா கட்டி வைத்திருக்கிறது, யாரும் எடுத்துப்போக முடியாது.