ஒரே ஆள், இரண்டு விலை: ரசல் வில்சன் கணக்கு

[திரையில்: 2014 பிப்ரவரி 2. சியாட்டில் 43, டென்வர் 8]

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து பார்த்தே இராதவருக்கும் இந்த ஸ்கோர் புரியும். சூப்பர் பௌலில், அதாவது இறுதிப் போட்டியில், டென்வர் துவைத்துக் காயப்போடப்பட்டது. தோற்ற பக்கத்தில் பேட்டன் மேனிங், ஐந்து வருடத்துக்கு 9.6 கோடி டாலர் ஒப்பந்தம். ஜெயித்த பக்கத்தில் ரசல் வில்சன். அந்த வருடம் அவருடைய அடிப்படைச் சம்பளம் ஏறக்குறைய 5 லட்சத்து 26 ஆயிரம் டாலர்.

பத்து வருடம் கழித்து, இதே வில்சனை வெளியே அனுப்ப டென்வருக்கு ஆன கணக்கு 8.5 கோடி டாலர். அது எப்படி என்று பார்ப்போம்.

[திரையில்: ஒரே அளவுள்ள 32 உண்டியல்கள்]

இந்த அணிகள் ஆடும் லீக் என்எஃப்எல். அதில் 1994இல் சாலரி கேப், அதாவது ஒரு அணி வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்தது. 32 அணிகளுக்கும் ஒரே வரம்பு. 2013இல் 12.3 கோடி டாலர், 2024இல் 25.54 கோடி. டென்வரை 2022இல் வாங்கியது வால்மார்ட் வாரிசு ராப் வால்டனின் குழு. அவரிடம் பணத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் வரம்பு வரம்புதான். ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் மற்ற ஐம்பது சொச்சம் பேருக்குக் கிள்ளித்தான் கொடுக்க முடியும். அந்த ஒருவர் பெரும்பாலும் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். மேனிங், வில்சன் இருவரும் அதுதான். ஆட்டத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு முயற்சியின் துவக்கத்திலும் பந்து அவர் கையில்தான் வரும்.

சரி, வில்சன் ஏன் அவ்வளவு மலிவு? புதுமுக வீரர்களை அணிகள் சுற்று சுற்றாகத் தேர்ந்தெடுப்பதற்குப் பெயர் டிராஃப்ட். 2010இல் அதில் முதலில் எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 7.8 கோடி டாலர் கிடைத்தது. 2011இல் வீரர் சங்கத்துடன் புது ஒப்பந்தம் வந்தது. புதுமுகங்களின் சம்பளத்துக்குக் கடிவாளம் போட்டார்கள். அந்த வருடம் முதலில் வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கு 2.2 கோடிதான். வில்சனோ 2012இல் மூன்றாவது சுற்றில் போனவர். உயரம் ஆறடிக்குக் குறைவு என்று பலர் ஒதுக்கினார்கள். குவார்ட்டர்பேக்கில் மிச்சமான காசில் சியாட்டில் மைக்கேல் பென்னட், கிளிஃப் ஏவ்ரில் இருவரையும் வாங்கியது. அந்த இறுதிப் போட்டியில் மேனிங் பந்தை எறியும் நேரத்தில் கையைத் தட்டிவிட்டவர் இந்த ஏவ்ரில்தான். பந்து மால்கம் ஸ்மித்திடம் போனது. அவர் 69 கஜம் ஓடி டச் டவுன் போட்டார், அதாவது பந்தை எல்லைக்கோட்டுக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுத்தார்.

[திரையில்: 2022 மார்ச், சியாட்டிலிலிருந்து டென்வருக்கு அம்புக்குறி]

வில்சனுக்காக டென்வர் தன் டிராஃப்ட் வாய்ப்புகளில் இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்று, ஒரு ஐந்தாம் சுற்று, கூடவே மூன்று வீரர்களையும் கொடுத்தது. என்னைக் கேட்டால், தப்பு இதுவல்ல. அவருடைய பழைய ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு சீசன் பாக்கி இருந்தது. பொறுத்துப் பார்த்திருக்கலாம். செப்டம்பரில், அவர் டென்வருக்காக ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே, 24.5 கோடி டாலருக்கு ஐந்து வருட நீட்டிப்பு போட்டார்கள். முதல் ஆட்டம் சியாட்டிலில். 17-16 என்று தோற்றார்கள்.

இப்போது கணக்கு. கையெழுத்து போனஸ் 5 கோடி. வீரருக்கு அது உடனே கிடைத்துவிடும். கேப் கணக்கில் மட்டும் வருடத்துக்கு ஒரு கோடியாக ஐந்து வருடத்துக்குப் பிரித்து எழுதலாம். வட்டியில்லாத தவணை மாதிரி. 2023இல் இன்னொரு 2 கோடி போனஸ், அதுவும் இதே மாதிரி. ஆனால் ஆளை நடுவில் வெளியே அனுப்பினால் எழுதாமல் மிச்சம் வைத்த தவணை எல்லாம் வந்து விழும். அதற்குப் பெயர் டெட் மணி.

[திரையில்: 3 + 1.6 + 3.9 = 8.5]

2024 மார்ச்சில் வில்சனை விடுவித்தபோது முதல் போனஸில் 3 கோடி பாக்கி, இரண்டாவதில் 1.6 கோடி, உத்தரவாதம் கொடுத்த 2024 சம்பளம் 3.9 கோடி. கூட்டினால் 8.5 கோடி. ஜூன் 1க்குப் பிறகு விடுவித்ததாகக் கணக்குக் காட்ட ஒரு வழி உண்டு. அதனால் 2024இல் 5.3 கோடி, 2025இல் 3.2 கோடி என்று பிரிந்தது. அப்படியும் 2024 வரம்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், அணியில் இல்லாத ஒருவருக்காகப் போயிற்று.

அப்புறம் ஒரு வேடிக்கை. பிட்ஸ்பர்க் அவரை 12.1 லட்சம் டாலர் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு எடுத்தது. 3.9 கோடியில் மீதியைக் கொடுத்தது டென்வர். சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான்.

டென்வர் என்ன செய்தது? சியாட்டில் செய்ததையே. 2024 டிராஃப்டில் 12ஆவது ஆளாக புதுமுகக் குவார்ட்டர்பேக் போ நிக்ஸை எடுத்தது, நான்கு வருடத்துக்குச் சுமார் 1.86 கோடி. அத்தனை டெட் மணியைச் சுமந்துகொண்டு அந்த சீசனில் 10 வெற்றி, 7 தோல்வி. 2015 சீசனுக்குப் பிறகு முதல் பிளேஆஃப், அதாவது இறுதிப் போட்டியை நோக்கிய நாக் அவுட் சுற்று.

விதிப்படி, மூன்று சீசன் முடிந்ததும் நிக்ஸுடன் புது ஒப்பந்தம் பேசலாம்.